கேட்ட கேள்வியும் கேளாத கேள்வியும்

1956-இல் சென்னையில் ஒரு கேள்விக்கு விடை தேட ஆட்கள் கூடினார்கள். காசநோயாளியைச் சானடோரியத்தில் சேர்த்தே ஆக வேண்டுமா, வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டால் போதாதா? அறிவு ஆர்வத்தால் மட்டும் எழுந்த கேள்வி என்று அதைச் சொல்ல முடியாது. நாட்டில் அப்போது நடந்துகொண்டிருந்த காசநோய்க் கணக்கெடுப்பு (1955–58) நோயாளிகள் இலட்சக்கணக்கில் இருப்பதைக் காட்டியது. காசநோய்க்கென்று இருந்த படுக்கைகளோ ஆயிரக்கணக்கில் அடங்கின. எல்லோருக்கும் படுக்கை போட அரசிடம் பணமும் இல்லை, காலமும் இல்லை. வீட்டுச் சிகிச்சை போதும் என்று விடை வந்தால் ஒரு வழி. போதாது என்று வந்தால் வேறு வழி. எந்த விடை வந்தாலும் அரசு எதையாவது மாற்றியாக வேண்டும். ஆய்வுக் கேள்வி ஒன்று நல்ல கேள்விதானா என்று பார்க்க இதைவிடச் சுருக்கமான சோதனை எனக்குத் தெரியாது.

இன்று மருத்துவக் கல்லூரியின் முதுநிலை மாணவருக்குக் கேள்வி வந்து சேரும் வழி வேறு. மூன்றாண்டுப் படிப்பின் முதல் சில மாதங்களுக்குள் ஆய்வேட்டுத் தலைப்பைக் கொடுத்துவிட வேண்டும். வழிகாட்டியிடம் போனால், வார்டில் எந்த நோயாளி அதிகம் வருகிறார், எந்தச் சோதனை கட்டணமில்லாமல் நடக்கிறது என்று பார்த்து ஒரு தலைப்பைச் சொல்வார். "நூறு கேஸ் கிடைக்குமா?" என்பதுதான் முதலில் பேசப்படும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆண்டுக்கு இத்தனை மாணவர், ஒவ்வொருவருக்கும் ஒரு தலைப்பு, முடிக்க இரண்டே ஆண்டு என்றால் யாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அங்கே கேள்வி பிறப்பது வசதியிலிருந்து. விடை வந்தபின் எதை மாற்றப் போகிறோம் என்ற பேச்சு, பெரும்பாலான ஆய்வேடுகளில் எழுவதே இல்லை.

கேள்விதான் இப்படி வருகிறதே தவிர, முறையைச் சோதிப்பதில் நாம் அன்றைவிடப் பல மடங்கு கறாரானவர்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். சோதனைச் சிகிச்சை என்றால் 2007-இல் தொடங்கிய இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். 2009 முதல் அது கட்டாயம். நோயாளி யார், செய்யப்போவது என்ன, எதனோடு ஒப்பிடுகிறோம், எதை அளக்கிறோம் என்ற நான்கையும் தனித்தனியே எழுத வேண்டும். எத்தனை பேர் தேவை என்பதற்குச் சூத்திரம் காட்ட வேண்டும். கட்டுரை எழுதும்போது, சமவாய்ப்பு ஆய்வின் அறிக்கையில் எவை இடம்பெற வேண்டும் என்று சொல்லும் கான்சார்ட் பட்டியல் வரும். 1996-இல் உருவாகி, பலமுறை திருத்தப்பட்டு, 2025-இல் 30 அம்சங்களுக்கு வளர்ந்திருக்கிறது. கடைசியில் மென்பொருள் ஒன்று எத்தனை சதவீதம் பிறர் வாக்கியம் என்று எண்ணிச் சொல்லும். 1956-இல் இவற்றில் அநேகமாக எதுவும் கிடையாது.

இவை இல்லாத அந்தக் காலத்தில் வேலை எப்படி நடந்தது என்பதைப் பார்க்கத்தான் வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைச் சென்னையில் தொடங்கின. ஐந்தாண்டுத் திட்டமாகத்தான் அது முதலில் நினைக்கப்பட்டது. மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் லண்டனிலிருந்து வந்து பொறுப்பேற்றார். அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக நிற்கிறது.

அன்றைய மருத்துவர்களுக்கு இந்தக் கேள்வியே துணிச்சலாகத் தெரிந்திருக்கும். காசநோய்க்கு ஓய்வு, நல்ல காற்று, சத்துணவு என்ற மூன்றைத்தான் இரண்டு மூன்று தலைமுறையாக நம்பியிருந்தார்கள். மருத்துவர் டேவிட் சவரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் சானடோரியம் அமைத்தபோது இந்த நோய்க்கு மருந்து என்று ஒன்று இருக்கவில்லை. நகரத்தின் புழுதியிலிருந்து விலகி, மரங்களுக்கிடையே கிடந்து உடம்பு தேறுவதே சிகிச்சை. அந்த இடத்து ரயில் நிலையத்துக்கு இன்றும் தாம்பரம் சானடோரியம் என்றே பெயர். 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸும், 1952-இல் ஐசோனியாசிடும் என்று மருந்துகள் வந்தன. மருந்து வந்த பிறகு மற்ற மூன்றுக்கும் என்ன மதிப்பு என்று யாராவது கேட்டுத்தான் ஆக வேண்டும்.

193 நோயாளிகளைச் சேர்த்தார்கள். நகரின் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை. குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறை தீர்மானித்தது. இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து, ஐசோனியாசிடும் பாஸும், நாள்தோறும் ஓராண்டு. சானடோரியத்துக்காரருக்குப் படுக்கை ஓய்வு, நல்ல சாப்பாடு, செவிலியர் கவனிப்பு. வீட்டுக்காரருக்குப் பழைய வீடு, பழைய சாப்பாடு; கொஞ்சம் தேறியதும் பலர் வேலைக்கே போனார்கள். மருந்தை உண்மையில் சாப்பிடுகிறார்களா என்று தெரிய, முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மிச்ச மருந்தை எண்ணினார்கள். சிறுநீரில் மருந்து இறங்குகிறதா என்று சோதித்தார்கள். எக்ஸ்ரே படங்களைப் படித்தவருக்கு எது எந்தப் பிரிவின் படம் என்பது தெரியாது.

இந்த முறைகள் சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. 1948-இல் பிரிட்டனில் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு வழி காட்டியிருந்தது. அங்கே 107 நோயாளிகள். மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4, படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14. அதை வடிவமைத்த புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் இளமையில் காசநோயோடு நெடுங்காலம் படுக்கையில் கிடந்தவர். சமவாய்ப்பு எண்களைக் கொண்டு பிரித்து, ஒட்டிய உறைகளில் வைத்து அனுப்பும் ஏற்பாடு அவருடையது. தமக்குப் பிடித்த நோயாளியைத் தமக்குப் பிடித்த பிரிவில் போடும் மருத்துவரின் கையை அந்த உறை கட்டிப்போட்டது. இன்று அந்த உறையின் வேலையைக் கணினி செய்கிறது, தத்துவம் மாறவில்லை.

சென்னை ஆய்வின் விடை 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்தது. ஓராண்டு முடிவில் சளியில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டுச் சிகிச்சை போதும் என்று முடிவு கட்டினார்கள். 1962-இல் உருவான தேசிய காசநோய்த் திட்டம் இந்த விடையின் மீதுதான் நின்றது. உலகின் வேறு பகுதிகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக வேறு மருத்துவமனைகளாக மாறியதில் இந்த அறிக்கைக்கும் பங்குண்டு.

இதே அறிக்கையை இன்று ஒரு கூர்மையான முதுநிலை மாணவரிடம் கொடுத்தால் என்ன சொல்வார்? 92-க்கும் 86-க்கும் இடையே ஆறு புள்ளி. ஒவ்வொரு பிரிவிலும் நூறு பேருக்கும் குறைவு. இந்த எண்ணிக்கைக்கு நிச்சயமின்மையைக் கணக்கிட்டால், சானடோரியம் உண்மையில் ஏறத்தாழ 15 புள்ளி வரை மேலாக இருந்திருக்கலாம். வீடே ஏறத்தாழ 3 புள்ளி வரை மேலாகவும் இருந்திருக்கலாம். "வேறுபாடு தெரியவில்லை" என்பதும் "வேறுபாடு இல்லை" என்பதும் ஒன்றல்ல என்று இன்று புள்ளியியல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். புதுச் சிகிச்சை பழையதைவிடக் குறைந்தது அல்ல என்று நிறுவ வேண்டுமென்றால், எவ்வளவு குறைவை ஏற்போம் என்பதை முன்னரே எழுதிவைத்து, அதற்குத் தக்க ஆட்களைச் சேர்க்க வேண்டும். அந்த அளவுகோல் 1956-இல் இல்லை. மாணவர் மேலும் கேட்பார்: எதை அளக்கப் போகிறோம் என்று முன்பே எங்காவது பதிந்தார்களா? வெளியிலிருப்பவர் எவரும் சரிபார்க்கும்படி மூலத் தரவு கிடைக்குமா? நோயாளி ஒப்புதல் தந்தார் என்பதற்கு என்ன ஆவணம்? எல்லாமே நியாயமான கேள்விகள்.

இவற்றில் ஒப்புதல் பற்றியது மற்றவற்றைவிடக் கனமானது. 1948 ஆய்வில் படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற நோயாளிகளிடம், தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பதே சொல்லப்படவில்லை. அன்று அதை யாரும் தவறாக நினைக்கவில்லை. மருத்துவ ஆய்வு நெறிமுறைக்கான ஹெல்சிங்கி அறிக்கை 1964-இல்தான் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் முதல் நெறிமுறைக் கொள்கையை 1980-இல் வெளியிட்டது. 2000, 2006, 2017 என்று அது விரிந்துகொண்டே வந்தது. இன்று படிக்கத் தெரியாத மூதாட்டிக்கும் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, சாட்சி வைத்துக் கைநாட்டு வாங்க வேண்டும். எந்த நாளிலும் விலகலாம், விலகினாலும் சிகிச்சை நிற்காது என்று சொல்ல வேண்டும். அன்று டாக்டர் சொன்னால் சரி. இந்த மாற்றத்தை இலாபக் கணக்கில் முதலாவதாக எழுத வேண்டும். அதற்கு எதிரே எந்த நஷ்டத்தையும் நிறுத்த எனக்கு மனம் வராது.

மற்ற இடங்களில் கணக்கு அவ்வளவு எளிதாக முடிவதில்லை.

1959 அறிக்கை அந்த இதழில் 51-ஆம் பக்கத்தில் தொடங்கி 144-ஆம் பக்கத்தில் முடிகிறது. 94 பக்கங்கள். மேலே தனிமனிதர் பெயர் இல்லை. மையத்தின் பெயர் மட்டும். நோயாளியின் எடை, சாப்பாடு, வீட்டு நெருக்கடி, விலகியவர் விவரம் என்று அட்டவணைக்கு மேல் அட்டவணை. எதை எப்படிச் செய்தார்கள் என்று வாசகர் கூடவே நடந்து போகலாம். அதோடு விட்டுவிடவும் இல்லை. நோயாளிகளையும், அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களையும் ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்து 1966-இல் அடுத்த விடைகளை வெளியிட்டார்கள். நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்ததால் குடும்பத்தார்க்கு ஆபத்து கூடவில்லை என்பது அப்போதுதான் உறுதியானது. ஐந்தாண்டு முடிவில் இரு பிரிவு நோயாளிகளின் நிலையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஓராண்டு முடிவில் இருந்த அந்த ஆறு புள்ளிச் சந்தேகத்துக்கு, சூத்திரத்தால் தர முடியாத பதிலைக் காத்திருப்பு தந்தது. இன்றைய ஆய்வுக் கட்டுரை பத்துப் பக்கம். மீதி இணையப் பிற்சேர்க்கையில் கிடக்கும், திறந்து பார்ப்பவர் குறைவு. ஆசிரியர் பெயர்கள் அரைப் பக்கம். ஐந்தாண்டு பின்தொடர நிதி கொடுப்பவரும் குறைவு, பதவி உயர்வுக்கு அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடியவரும் குறைவு.

நான் இவ்வளவு நேரம் முறையைப் பற்றியே பேசினேன். இந்த ஆய்வின் கதையில் அதைவிடப் பெரிய விஷயம், விடையை உலகம் எப்படிப் படித்தது என்பது.

சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, வீட்டில் அரைவயிறு. ஆனாலும் கிருமி இரண்டிடத்திலும் ஏறத்தாழ ஒரே மாதிரி அடங்கியது. சாப்பாட்டின் பங்கை மட்டும் தனியே எடுத்து ஆராய்ந்து 1961-இல் ஒரு கட்டுரையும் வெளியிட்டார்கள். மருந்து சரியாகப் போனால், கிருமி அடங்குவதற்குச் சத்துணவு முன்நிபந்தனை அல்ல என்பது அதன் சாரம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை கூடுதலாக ஏறியது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. அவர்கள் கேட்ட கேள்விக்கு அது சரியான விடை. ஏழை வீட்டில் சாப்பாடு சரியில்லை என்று சொல்லிச் சிகிச்சையை மறுக்க இனி யாராலும் முடியாது என்ற அளவில், அது ஏழைக்குச் சாதகமான விடையும்கூட.

ஆனால் திட்டங்கள் வகுத்தவர்கள் அதைப் படித்த விதம் வேறு. சாப்பாடு முக்கியமில்லை என்று அது சுருங்கிப் போனது. பசியோடிருக்கும் நோயாளி சிகிச்சையின் நடுவே இறந்துபோகும் வாய்ப்பு கூடுதலா? நோயாளியின் வீட்டில் உள்ளவர்களுக்குச் சாப்பாடு கிடைத்தால் நோய் வராமல் இருக்குமா? இவை இரண்டும் 1956-இல் கேட்கப்படவில்லை. இறப்பில் உள்ள வேறுபாட்டைக் காட்டும் அளவுக்கு அந்த ஆய்வில் ஆட்களும் இல்லை. கேட்காத கேள்விக்கு அந்த ஆய்வு விடை சொல்லிவிட்டதாகப் பல பத்தாண்டுகள் எல்லோரும் நடந்துகொண்டார்கள். மாத்திரைக்குத் திட்டம் வந்தது, அதைக் கண்முன்னே விழுங்க வைக்கவும் திட்டம் வந்தது. நோயாளிக்கு உணவுக்கென்று மாதம் 500 ரூபாய் தரும் மத்திய அரசுத் திட்டம் 2018-இல்தான் வந்தது. 2024 இறுதியில் அது 1000 ரூபாய் ஆனது.

அந்த விடுபட்ட கேள்வியை 2019-இல் ஜார்க்கண்டில் கேட்டார்கள். ரேஷன்ஸ் என்று பெயர் பெற்ற ஆய்வு. சேத்துப்பட்டு நிறுவனத்துக்கும் அதில் பங்குண்டு. 2800 நோயாளிகள், அவர்களோடு வாழ்ந்த 10,345 பேர். 28 காசநோய்ப் பிரிவுகளைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, சத்து மாத்திரை, ஆறு மாதம். மறு பாதியில் குடும்பத்தாருக்கு அது இல்லை. நோயாளிகளுக்கோ இரண்டு பாதியிலும் உணவுப் பொட்டலம் உண்டு. எலும்பும் தோலுமாக வரும் நோயாளிக்கு உணவை மறுத்து ஒப்பிடுவதை இன்றைய நெறிமுறை ஏற்காது. 1948-க்கும் இதற்கும் இடையே உள்ள தூரம் இந்த ஓர் ஏற்பாட்டிலேயே தெரிகிறது.

விடை 2023 ஆகஸ்டில் வந்தது. உணவு பெறாத குடும்பங்களில் 4724 பேரில் 122 பேருக்குப் புதிதாகக் காசநோய். பெற்ற குடும்பங்களில் 5621 பேரில் 96 பேருக்கு. செய்தித்தாள்கள் 39 சதவீதக் குறைவு என்று எழுதின, அது சரிதான். நேரடி எண்ணிக்கையில் நூற்றுக்கு 2.6 என்பது 1.7 ஆனது என்றும் சொல்லலாம், அதுவும் சரிதான். நூற்றுச் சொச்சம் பேருக்கு ஆறு மாதம் அரிசி பருப்பு கொடுத்தால் ஒருவர் காசநோயிலிருந்து தப்புகிறார். இது அதிகமா குறைவா என்பதை அரிசி விலையையும் மருந்து விலையையும் பக்கத்தில் வைத்துத்தான் சொல்ல முடியும். எனக்கு அது மலிவாகவே படுகிறது.

இந்த ஆய்வையும் அதே கண்ணால்தான் பார்க்க வேண்டும். உணவுப் பொட்டலத்தை மறைக்க முடியாது. ஆகவே யாருக்குக் கிடைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆட்களைச் சேர்த்த காலத்தின் பெரும்பகுதி கொரோனாக் காலம். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறிய நோயாளிகளுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவு என்று இதன் இன்னொரு கட்டுரை சொல்கிறது. ஆனால் நோயாளிகள் எல்லோருமே உணவு பெற்றவர்கள். இந்த எண் இரு பிரிவை ஒப்பிட்டு வந்தது அல்ல. உடம்பு தேறி வந்ததால் எடை ஏறியதா, எடை ஏறியதால் உடம்பு தேறியதா என்று இந்த எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. 39 சதவீதத்தை நம்பும் அளவுக்கு 61 சதவீதத்தை நான் நம்பமாட்டேன். இரண்டும் ஒரே ஆய்விலிருந்து வந்தவை, ஒரே மாதத்தில் அச்சானவை, ஆனால் முறையில் வேறுபட்டவை. செய்திகளில் இரண்டும் ஒரே வரியில் வந்தன.

இப்படிச் சொல்வதால் அந்த இரண்டாவது எண்ணைத் தள்ளிவிட வேண்டும் என்றாகாது; ஆபத்தில் இருப்பவரை எடை அடையாளம் காட்டும். தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், புதிதாக நோய் கண்டறியப்பட்டவரின் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன், தாங்கலின்றி நிற்க முடிகிறதா என்பவற்றை உடனே பார்க்கிறார்கள். உடல் நிறைக் குறியெண் 14-க்கும் கீழே போனவரை வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். வீட்டுச் சிகிச்சை போதும் என்று உலகத்துக்குச் சொன்ன ஊரிலிருந்தே, சிலருக்கு அது போதாது என்ற திருத்தமும் வருகிறது. எடைக்கருவி, அளவு நாடா, விரல்நுனிக் கருவி இவ்வளவுதான் தேவை. 1956-இல் விரல்நுனிக் கருவி இல்லை, எடைக்கருவி இருந்தது.

விடையைக் கேள்விக்கு வெளியே இழுத்துப் படிக்கும் பழக்கத்துக்கு இங்கேயே இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிசிஜி தடுப்பூசியைச் சோதித்தார்கள். ஏறத்தாழ 2.6 இலட்சம் பேர். போட்டது தடுப்பூசியா வெற்று ஊசியா என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. முறையில் அதற்கு இணையான தடுப்பூசி ஆய்வு உலகிலேயே சிலதான். பெரியவர்களுக்கு வரும், சளியில் கிருமி காணும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று 1979-இல் விடை வந்தது. பிசிஜி வீண் என்று பலர் பேசத் தொடங்கினார்கள். குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் காசநோயை அது தடுக்கிறதா என்பது அந்த ஆய்வின் கேள்வியே அல்ல. இன்றும் பிறந்த குழந்தைக்கு அந்த ஊசி போடுகிறோம்.

கேள்வியைப் புரட்டிப் போட்ட ஆய்வுகளும் அன்று உண்டு. 1960-களின் தொடக்கத்தில் தும்கூர்ப் பகுதிக் கிராமங்களில் டி. பானர்ஜி, எஸ். ஆண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் காசநோயாளிகளைத் தேடிப் போனார்கள். கிராமத்தார் அறியாமையால் சிகிச்சைக்கு வருவதில்லை என்பது அன்றைய பொது நம்பிக்கை. போய்ப் பார்த்தால், நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் தம் உடம்பில் ஏதோ சரியில்லை என்று அறிந்திருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே மருத்துவமனைப் படி ஏறியிருந்தார்கள். அங்கே இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நோயாளியிடம் குறை தேடிப் போன கேள்வி, மருத்துவமனையின் குறையைக் கண்டுகொண்டு திரும்பியது. இன்று அறிவு, மனப்பான்மை, நடைமுறை என்ற முப்பெயர் தாங்கிய ஆய்வுகள் ஏராளமாக வருகின்றன. வெளிநோயாளிப் பிரிவில் காத்திருப்போரிடம் வினாத்தாள் கொடுத்து, இத்தனை சதவீதத்தினருக்கு விழிப்புணர்வு இல்லை என்று முடித்து, விழிப்புணர்வு முகாம் நடத்தப் பரிந்துரைப்பார்கள். படிவங்கள் எல்லாம் சரியாக இருக்கும். தும்கூருக்குப் போனவர்கள் அறுபதாண்டுக்கு முன் உடைத்த அதே நம்பிக்கையில் இவை இன்னும் நிற்கின்றன.

ஆராய்ச்சியின் இத்தகைய குறைகளை ஒருவர் மட்டும் பார்க்கவில்லை. ஜான் அயோனிடிஸ் 2005-இல் எழுதிய கட்டுரை, வெளியாகும் ஆய்வு முடிவுகளில் பெரும்பாலானவை தவறாக இருக்க வாய்ப்புண்டு என்று கணக்குப் போட்டுக் காட்டி ஆராய்ச்சி உலகைக் கலக்கியது. 2009-இல் இயன் சாமர்ஸும் பால் கிளாசியோவும் மருத்துவ ஆராய்ச்சிக்குச் செலவாகும் பணத்தில் 85 சதவீதம் வீணாகிறது என்று மதிப்பிட்டார்கள். விரயம் நிகழும் படிகளை அவர்கள் வரிசைப்படுத்தியபோது முதற்படியாக வைத்தது முறையை அல்ல. நோயாளிக்கும் மருத்துவருக்கும் பயன்படாத கேள்வியை. முதல் கட்டுரைக்குப் பிறகு முறையைக் காக்கும் வேலிகள் வேகமாக வளர்ந்தன. இரண்டாவது சொன்ன முதற்படிக்கு அப்படியொரு வேலி இன்னும் சரியாக அமையவில்லை. கேள்வியின் தகுதியை டிக் அடிக்கும் கட்டமாக்குவது கடினம் என்பது ஒரு காரணம். அந்தக் கேள்வியைக் கேட்டால் பாதி ஆய்வேடுகள் தொடங்கவே தொடங்காது என்பது மற்றொன்று.

ஆய்வுக் கட்டுரைகளைக் கூடிப் படித்துப் பேசும் ஜர்னல் கிளப் என்ற வழக்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அன்று வெளிநாட்டு இதழ் கப்பலில் வர மாதக்கணக்காகும். வந்த ஒன்றைத் துறை முழுவதும் சுற்றில் விட்டுப் படிக்கும். ஒரே கட்டுரையை வைத்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுது முழுவதும் பேசுவார்கள். பேச்சு பெரும்பாலும் மூத்த பேராசிரியரின் அனுபவத்தோடு முடியும், அவர் சொல்வதை மறுத்துப் பேச இளையவருக்கு வாய் வராது. இன்று எந்தக் கட்டுரையும் கைபேசியில் நொடியில் வந்து விழுகிறது. முதலாண்டு மாணவியும் பேராசிரியரிடம், "சார், இதுல அலகேஷன் கன்சீல்மென்ட் சொல்லலியே" என்று, பிரிவு ஒதுக்கீட்டை மறைத்த விதத்தைப் பற்றிக் கேட்கிறார். பட்டியல் அவருக்கு அந்தத் துணிவைத் தந்திருக்கிறது. இருபது நிமிடத்தில் முப்பது அம்சமும் சரிபார்க்கப்பட்டு, மதிப்பெண் இடப்பட்டு, அடுத்த கட்டுரைக்குப் போகிறார்கள். இந்த ஆய்வை ஏன் செய்தார்கள் என்று கேட்க நேரம் இருப்பதில்லை.

ஆகவே வழிகாட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வேட்டின் கடைசியில் வரம்புகள் என்று அரைப் பக்கம் எழுத வைக்கிறீர்கள்; எல்லாம் முடிந்த பிறகு, வருத்தம் தெரிவிக்கும் தொனியில். அதை முதல் அத்தியாயத்துக்குக் கொண்டுவாருங்கள். மாதிரி அளவுக்குச் சூத்திரம் கேட்பதற்கு முன்னால் இரண்டே வரி எழுதச் சொல்லுங்கள்: இந்த விடை வந்தால் யார் எதை மாற்றுவார், எந்தக் கேள்விக்கு இந்த ஆய்வால் விடை சொல்ல முடியாது. முதல் வரியை நிரப்ப முடியாவிட்டால் தலைப்பை மாற்றிக்கொள்ள அப்போது நேரம் இருக்கும். நல்ல கேள்வி எப்படி இருக்கும், அதன் எல்லை எங்கே முடிகிறது என்று மாணவருக்குக் காட்ட வேண்டுமானால், 1959-இன் அந்த 94 பக்கங்களும் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன.